கொலுப்படியில் பிரமிடு

போன வாரம் செருப்பு வாங்கப் போன கடையில், பெட்டியைத் திறந்ததும் மடித்து வைத்த காகிதத்துக்குள்ளிருந்து ஒரு வாடை எழுந்து வந்தது. பதப்படுத்திய தோல். அதில் கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் கடுக்காய். கடைக்காரர், "அசல் லெதர் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அது பிரமிடின் வாடை. நயாகராவின் வாடை. வெசூவியஸ் எரிமலைப் புகையின் வாடை. செருப்பை வாங்காமல் வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். எதையோ திருடிக்கொண்டு போகிறேனோ என்று கடைக்காரர் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயதில் நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு திரிந்தேன், வீட்டில் இருந்தவர்களை, வீட்டுக்கு வந்த தபால்களை.

அறுபதுகளின் பின்பாதி. மாட்டுங்காவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் ஹெட் கிளார்க். நான் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறாம் மாசம் அத்திம்பேர் கப்பலில் போய்விட்டார். சரக்குக் கப்பலில் கிளார்க் உத்தியோகம். பாலக்காட்டிலிருந்து வந்து பம்பாயில் ஆபீஸ் ஆபீஸாகப் பேனா பிடித்த எங்கள் கூட்டத்தில் கப்பல் உத்தியோகம் அதுவே முதல் தடவை. அம்மா மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போதுகூட, "மாப்பிள்ளை இப்போ மத்தியதரைக் கடல்ல இருக்கார்" என்பாள். கத்திரிக்காய்க்காரன் மராத்திக்காரன்; தலையை ஆட்டிவைப்பான்.

கப்பலில் இருந்து பட அட்டைகள் வந்தன. முதலில் வந்தது ஏடன்: பாறையைக் குடைந்து, எந்தக் காலத்திலோ யாரோ கட்டிய மழைநீர்த் தொட்டிகள். அடுத்தது ஜிப்ரால்டர்: கடலுக்குள்ளிருந்து முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒற்றைப் பாறை. இரண்டிலும் அந்நிய நாட்டு ஸ்டாம்ப், ராணியின் தலை. நான் ஸ்டாம்பை மட்டும் ஆவியில் காட்டி உரித்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்தவை கவரில் வந்தன. கவரில் பம்பாய் முத்திரை.

காரணம் எழுதியிருந்தார். "துறைமுகங்களில் போட்டால் தபால் தொலைந்துபோகிறது. ஊர் திரும்புகிற கப்பல்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். பம்பாயில் இறங்கியதும் அவர்கள் போட்டுவிடுவார்கள்." கப்பல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அக்காவின் பதில்கள் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தின் மேற்பார்வைக்குப் போயின. பணமும் மாதம் தவறாமல் வந்தது. அதனால் அப்பாவால் வாய்விட்டு எதுவும் கேட்க முடியவில்லை. வாய்விட்டுக் கேட்க முடியாதவர்கள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அப்பா பார்த்தார். அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"கையெழுத்து அவரோடதுதான்" என்பாள் அம்மா.

"அவரோடது இல்லாம பின்னே யாரோடது?" என்பாள் அக்கா.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சொல்றியே."

அந்த வருஷக் கடைசியில் அப்பாவுக்கு ரிடையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அப்பாவும் அம்மாவும் பாலக்காடு போவது என்று முடிவாகிவிட்டது. நான் பெண்கள் ஹாஸ்டலுக்குப் போவேன். அக்கா? அதற்குத்தான் பதில் இல்லை. அப்பா ஒருநாள் சாப்பிட்டுக் கை அலம்பிக்கொண்டே சொன்னார், சுவரைப் பார்த்து: "டிசம்பருக்குள்ள அவர் வந்து எங்கேயாவது ஒரு ரூம் பாத்து இவளைக் கூட்டிண்டு போகணும். இல்லைன்னா இவளுக்கும் சேத்துத்தான் டிக்கெட் வாங்குவேன்." பாலக்காடு போனால் பிறகு பம்பாய் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். புருஷன் வருவான் வருவான் என்று பிறந்த வீட்டுச் சமையலறையில் முப்பது வருஷம் உட்கார்ந்துவிட்ட ஓர் அத்தை எங்களுக்கு உண்டு. அக்கா அதைப்பற்றிப் பேச மாட்டாள். அப்பாவின் வார்த்தையை அப்படியே அத்திம்பேருக்கு எழுதினாள். பதிலாக வந்தது தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலை. மேசைபோல உச்சி தட்டையான மலை, அதன்மேல் விரித்துவிட்ட துணிபோல மேகம். 'இங்கே வெயில் கொளுத்துகிறது, உன்னை நினைக்கிறேன்' என்று மட்டும் இருந்தது. ரூமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேதியும் இல்லை.

அது ஜூலை மாசம். ஆபீஸில் அட்லாஸைப் புரட்டினேன். பூமியின் அந்தப் பக்கத்தில் ஜூலையில் குளிர்காலம்.

"மலை மேல ஏறி நின்னா வெயிலாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

"மலை மேல ஏறினா குளிருமா, வெயிலடிக்குமா?"

"உனக்கு வேற வேலை இல்லையாடி?"

இல்லைதான். சந்தேகம் என்பது ஒரு முழுநேர வேலை. முதலில் நான் சந்தேகப்பட்டது ஒரு பெண்ணை. செம்பூரில் எங்கேயோ ஒரு வீடு, அதில் ஒரு கொடி, கொடியில் ஒரு புடவை. ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே அந்தப் புடவைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நிறம் கொடுத்தேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிஜமாகவே செம்பூரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனோம். அக்கா அட்டைகளை எல்லாம் கைப்பையில் எடுத்துக்கொண்டாள், சித்தியிடம் காட்ட. மாட்டுங்காவிலிருந்து குர்லா போய் வண்டி மாற வேண்டும். நடுவில் சயான். சயான் வந்தால் பெண்கள் பெட்டியில் எல்லோர் கையும் மூக்குக்குப் போகும். மேற்கே தாராவி, அதன் தோல் பதனிடும் கிடங்குகள். முந்தானை, கைக்குட்டை, கைக்குழந்தையின் தொப்பி, எது கிடைத்தாலும் மூக்கில் அழுத்திக்கொள்வோம். குர்லா வரும்போது மூச்சை விடுவோம்.

செம்பூரில் சித்தி காபி கொடுத்தாள். அக்கா பையைத் திறந்து அட்டைகளைப் பரப்பினாள். வெசூவியஸை நான் கையில் எடுத்தேன். சயானைத் தாண்டி அரைமணிக்கு மேல் ஆகிவிட்டது. வாடை இன்னும் அங்கேயே இருந்தது. அட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். அடுத்ததை எடுத்தேன். ஏடனில் இல்லை. ஜிப்ரால்டரில் இல்லை. பம்பாய் முத்திரையோடு வந்த அத்தனையிலும் இருந்தது.

"என்னடி, பூவா மோந்து பாக்கறே?" என்றாள் சித்தி.

"ரயில் வாடை" என்றேன். என் பொய்யை நான் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் கடைசியில் பிரமிடு வந்தது. எல்லா அட்டைகளிலும் அதுதான் அழகு. மணல் மஞ்சளாக இல்லை. மாலை வெயிலில் ரோஜா நிறம். மூன்று முக்கோணங்கள், அவற்றின் காலடியில் புள்ளியாக ஒரு மனிதன், ஓர் ஒட்டகம். 'சூயஸ் கால்வாயைக் கடக்கும்போது கரையிறங்கிக் கெய்ரோ போய்ப் பார்த்து வந்தேன். கொலு வைத்தாயா? எனக்கும் சேர்த்துச் சுண்டல் சாப்பிடு' என்று எழுதியிருந்தார்.

அக்கா கொலு வைத்தாள். அந்த வருஷம் ஒரு புதுமை செய்தாள். குவார்ட்டர்ஸ் பூராவும் ஒவ்வொரு வீட்டிலும் கீழ்ப்படிக்கு எதிரே ஏதாவது ஒரு காட்சி வைப்பது வழக்கம்: பார்க், கிராமச் சந்தை, மலைமேல் கோயில். அக்கா உலகத்தை வைத்தாள். மண்ணைக் குழைத்து மூன்று பிரமிடு. நீலக் காகிதத்தின்மேல் ஜரிகையைத் தொங்கவிட்டு நயாகரா. ரயில்பாதை ஓரத்துக் கருங்கல் ஒன்றுதான் ஜிப்ரால்டர். ஊதுபத்தியைச் செருகிய வெசூவியஸ் நாள் முழுக்கப் புகைந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் அத்திம்பேரின் அட்டை நின்றது. மூன்றாம் படியிலிருந்து தசாவதாரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மாமிகள் குங்குமம் எடுத்துக்கொண்டார்கள், பாடினார்கள், குனிந்து உலகத்தைப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு மாமி தன் புருஷனையும் அழைத்து வந்தாள். மாமாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரமிடைக் கையில் எடுத்துப் பின்பக்கம் படித்தார். நான் அவருடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லுவது நின்றது.

"சூயஸ் வழியாவா வந்தார்?" என்றார்.

"ஆமாம் மாமா."

"கால்வாயைத்தான் ஜூன்லயே மூடிட்டாளே. அங்கே சண்டையில்லையா? எங்க கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திண்டுன்னா வரது!"

ஹாலில் இருந்த எல்லாப் புடவைகளும் ஒரே சமயத்தில் சரசரப்பதை நிறுத்தின.

"பழைய லெட்டரா இருக்கும். தபால் லேட்டு" என்றாள் அம்மா.

"கொலு வச்சாயான்னு கேட்டிருக்காரே, மாமி!" என்றார் மாமா. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கணக்கு இடித்ததைச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமி அவர் முழங்கையை இடித்தாள். "போறும், வாங்கோ. லலிதா சஹஸ்ரநாமத்துக்கு நாழியாச்சு" என்று கிளப்பிக்கொண்டு போனாள். ஆனால் அடுத்த நாலு நாளும் எங்கள் வீட்டுக்குக் கூட்டம் இரட்டிப்பாக வந்தது. எல்லோரும் நேராகப் பிரமிடுக்குத்தான் போனார்கள். குனிந்து பின்பக்கம் படித்தார்கள். வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, "பாவம்" என்ற வார்த்தையைச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அட்டையை எடுத்து ஒளிக்கவில்லை. ஒன்பது நாளும் அங்கேயே வைத்திருந்தாள், நெற்றியில் எண்ணெய் வழிய, முதுகை நேராக வைத்துக்கொண்டு. அப்பா மட்டும் விஜயதசமி அன்று, "மூணு டிக்கெட்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் சயானில் இறங்கினேன். பாலத்தைத் தாண்டி மேற்கே நடந்தேன். பத்து நிமிஷ நடை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பக்கம் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. எங்களில் யாருமே வைத்ததில்லை. லண்டனுக்குப் போனவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். தாராவிக்குப் போனவர் ஒருவரும் இல்லை. ஒளிய வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் உலக வரைபடத்திலேயே கிடையாது என்று அந்தப் பாலத்தின்மேல்தான் எனக்கு உறைத்தது.

மூக்கு வழி காட்டியது. தகரக் கூரைகள், சேற்றின்மேல் போட்ட பலகைகள், வெயிலில் விரித்த தோல்கள். எங்கே பார்த்தாலும் தமிழ், ஆனால் எங்கள் தமிழ் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். ஒரு டீக்கடை முன்னால் நின்று, உயரமாக, கண்ணாடி போட்டு, பாலக்காட்டுப் பேச்சுப் பேசுகிற ஒரு கிளார்க்கைத் தெரியுமா என்று கேட்டேன்.

"கப்பலய்யரையா தேடுதிய?" என்றார் டீக்கடைக்காரர்.

அவர் கைகாட்டிய பக்கம் நடந்தேன்.

மூன்றாவது கிடங்கின் வாசலில் காக்கிச் சட்டை போட்ட வயதான காவல்காரர் இருந்தார். நான் கேட்டதும் ஸ்டூலை விட்டு எழுந்தார். "அய்யரு உள்ளதான் இருக்காரு. மஞ்சக்காமாலை வந்து ஒரு மாசமாப் படுக்கை, இப்பந்தான் தேறி எந்திரிச்சிருக்காரு. நீங்க அவருக்கு யாரும்மா?"

"மச்சினி."

"அப்படியா! அப்ப ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும்." குரலைத் தாழ்த்தினார். "இந்த அய்யரு நெசமாவே கப்பல்ல போயிருக்காராம்மா? டீ குடிக்கையில கதை கதையாச் சொல்லுதாரு. தண்ணி ஆகாசத்துல இருந்து விழுதுங்காரு, மலை நெருப்பக் கக்குதுங்காரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பயலுவளுக்கு ஒரு சந்தேகம். இவரு சயானத் தாண்டி இருக்க மாட்டாருன்னு."

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே அவர் இப்போது கப்பலில் இல்லை என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஓர் ஊர் அவர் கப்பலில் இருந்ததேயில்லை என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது.

கிடங்கின் மாடியில் ஓர் அறை. நான் முதலில் கொடியைத்தான் பார்த்தேன். ஒரு வேஷ்டி, ஒரு துண்டு. புடவை இல்லை. மூலையில் ஒரு கண்ணாடி வளையல் துண்டாவது கிடக்கிறதா என்று தரையைப் பார்த்தேன். அத்திம்பேர் பாயிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள். நான் ஏசப்போகிறேன் என்று காத்திருந்தார். எனக்கு வந்த முதல் வார்த்தை:

"சூயஸை மூடிட்டா, அத்திம்பேர்."

"தெரியும்" என்றார். "சண்டை வந்த அன்னிக்கே அந்த அட்டையைக் கிழிச்சிருக்கணும். படம் நன்னாருந்தது. மனசு வரலை."

பிறகு சொன்னார். ஒரே ஒரு பயணம்தான். கப்பல் கிளம்பிய நாளிலிருந்து வாந்தி. ஏடனில் அட்டை வாங்கப் போனதே இன்னொருவர் தோளில் சாய்ந்துகொண்டு. "ஜிப்ரால்டரை மட்டும் பாத்தேன், நிஜமா. அதுவும் வாளிக்கு மேல குனிஞ்சிண்டு, நிமிர்ந்தப்போ." திரும்பி வந்ததும் கடலுக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். ஆறு வாரம் வேலை தேடினார். கிடைத்தது இதுதான். எத்தனை தோல் வந்தது, எத்தனை போனது என்று எழுதுகிற வேலை.

"ஆத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே?"

"எதை? மாட்டுத்தோல் எண்றேன்னா? உங்கம்மா என்னை வாசல்லயே நிறுத்தி ஸ்நானம் பண்ணச் சொல்லுவா. அது போகட்டும். உங்கக்கா தலையை நிமிர்த்தி நடக்கறா, அதைக் கெடுக்கச் சொல்றியா?"

சர்ச்கேட் பக்கம் நடைபாதைக் கடையில் பழைய அட்டைகளை மொத்தமாக வாங்கியிருக்கிறார். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வருஷத்துக்கு ஆகிறமாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி முடித்து வரிசையாக அடுக்கிவைத்தார். படத்தில் வெயில் அடித்தால் வெயில் என்று எழுதினார். செப்டம்பருக்கு உரியதில் கொலுவைப் பற்றி எழுதினார். மாதம் ஒன்றாக அவரே தபாலில் போட்டுவந்தார். காமாலையில் கிடந்தபோது, மேலே இருப்பதைப் போட்டுவிடச் சொல்லிக் காவல்காரரிடம் கொடுத்திருக்கிறார். மேலே இருந்தது பிரமிடு.

மீதி அட்டைகள் தலையணையடியில் இருந்தன. ஏதென்ஸின் தூண்கள். இங்கிலாந்தில் வட்டமாக நட்டுவைத்த ராட்சசக் கற்கள். அயர்லாந்துக் கடற்கரையில் தேன்கூடுபோல ஆறு பட்டை ஆறு பட்டையாக முளைத்த பாறைகள். அத்தனைக்கும் பின்னால் 'உன்னை நினைக்கிறேன்' என்ற வரி, ஒரே மசியில். அவற்றோடு அக்காவின் கடிதங்கள், நூல் போட்டுக் கட்டி.

பின்னாளில் அந்த இடங்களில் இரண்டொன்றை நானே போய்ப் பார்த்தேன். நயாகராவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது முகமெல்லாம் நீர்த்திவலை. இது நிஜம்தானா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்க வேண்டும்போல இருந்தது. அது வேறு கதை.

"அவள்ட்ட சொல்லாதே" என்றார் அத்திம்பேர். "டிசம்பருக்குள்ள வேற ஏதாவது ஆபீஸ்ல பாத்துடறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. சொல்வேன் என்றும் சொல்லவில்லை. ரயிலில் என் கையை மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அக்கா கொலு பொம்மைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா தூங்கினார், அம்மா கோயிலில். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. வராகம், நரசிம்மம், வாமனன். முடித்ததும் கேட்டாள்:

"காமாலைன்னா பத்தியச் சாப்பாடு யார் போடறா?"

"தெரியாது."

"கேக்கலையா?"

"அதைக் கேக்கவா நான் போனேன்?"

"அதான். நீ அதைக் கேக்கப் போகலை." செய்தித்தாளை மடித்தாள். "தேதி போடாம ஒரு சலவைக் கணக்குக்கூட எழுதமாட்டார் அவர். மாசக் கணக்கா தேதியில்லாம வந்துண்டிருக்கு. நான் பாக்கலைன்னு நினைச்சியா? அவரே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். உங்க எல்லாருக்கும் நடுவுல அவர் எப்படிடி வந்து சொல்லுவார்?"

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அன்றைக்கு என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் அப்பா ஆபீஸுக்குப் போனதும், ஒரு சின்ன டிரங்குப் பெட்டியில் நாலு புடவையும் ஒரு பித்தளை அடுக்கும் வைத்தாள். அம்மா கேட்டதற்கு, "சித்தியாத்துக்கு" என்றாள். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். வழி எனக்குத்தானே தெரியும். சயான் பாலத்தின்மேல் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா முந்தானையை எடுக்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடிக்க, பலகைகளின்மேல் நடந்தோம்.

காவல்காரர் எங்களைப் பார்த்ததும் மாடியைப் பார்த்துக் கத்தினார். "அய்யரே! ஒங்க வீட்டம்மா வந்திருக்காவ!" பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, அடக்க முடியாமல் கேட்டார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. நெசமாவே கப்பல்ல போனாரா?"

"போனார்" என்றாள் அக்கா. "ஜிப்ரால்டர் பாத்திருக்கார். வேணும்னா ஸ்டாம்ப் காட்டறேன்."

ஸ்டாம்ப் என் டப்பாவில் இருந்தது.

மாடிப்படியின் நடுவில் அத்திம்பேர் நின்றார். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அக்கா அண்ணாந்து அவரைப் பார்த்தாள், கண்ணின் மஞ்சளை, தொளதொளத்த சட்டையை. "கீழாநெல்லி சாப்பிட்டேளா?" என்றாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்ததும் நான் தோல்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா என் கையிலிருந்து பெட்டியின் பிடியை விடுவித்தாள். இனி மேலே நான் வர வேண்டியதில்லை என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் நின்றேன். சாயங்காலம் அப்பா வருவார், நாலு தட்டுக்குப் பதிலாக மூணு தட்டு இருக்கும், கேட்பார்.

"அப்பாட்ட என்ன சொல்லட்டும்?" என்றேன்.

அவள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தாள். கோபம்தான், ஆனால் அதற்குள் எனக்காகவும் கொஞ்சம் இடம் இருந்தமாதிரி பட்டது. இன்றுவரை எனக்கு அது நிச்சயமில்லை.

"நீ ஒண்ணும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரோம், நானே சொல்லிக்கறேன். நீ சொன்னா அது குத்தமாயிடும்."